நிலவறையில் பிறந்த கல்யாணப் புத்தகம்

"உங்க கைமணமே தனி! பேசாமல் நீங்க ஒரு ஹோட்டல் ஆரம்பிச்சுடலாம்!"

இந்தப் பேச்சைக் கேட்காத குடும்பத் தலைவி யாராவது உண்டா? ஆவக்காய் போட்டு ஒரு பாட்டில் கொடுத்தால் சொல்வார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணின் நிச்சயதார்த்தத்துக்கு நூறு தேங்காய் பர்பி செய்து கொடுத்தால் சொல்வார்கள். சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார்கள். "என்ன கொடுக்கணும்?" என்று ஒருத்தரும் கேட்பதில்லை. தப்பித்தவறிக் கேட்டுவிட்டால் நாமே, "ஐயையோ, அதெல்லாம் என்ன பேச்சு!" என்று பதறிப்போவோம்.

அப்படிப் பதறாத ஒரு பெண்மணியின் கதை இது. பெயர் மார்த்தா ஸ்டூவர்ட். அமெரிக்கர். 1976-ல், முப்பத்தைந்து வயதில், பதினோரு வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டு, தம் வீட்டு நிலவறையில் கல்யாணங்களுக்கும் விருந்துகளுக்கும் சமைத்துக் கொடுக்கும் தொழிலை ஆரம்பித்தார். பத்தே வருஷத்தில் அது ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் புரளும் வியாபாரம் ஆயிற்று. அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். கல்யாணங்களுக்கென்றே தனியாக ஒரு தடிப் புத்தகம் எழுதி வெளியிட்ட வருஷத்தில்தான் அவருடைய சொந்தக் கல்யாணம் உடைந்தது. அதற்குப் பிறகு வருவோம்.

மார்த்தா பணக்கார வீட்டுப் பெண் இல்லை. போலந்திலிருந்து குடியேறிய வம்சம். 1941 ஆகஸ்ட் 3-ம் தேதி நியூஜெர்ஸி மாநிலத்தில் பிறந்தார். நட்லி என்ற சின்ன ஊரில் வளர்ந்தார். ஆறு குழந்தைகளில் இரண்டாமவர். அப்பா மருந்துக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. முன்கோபக்காரர், ஆனால் தோட்டக்கலையில் மன்னர். விதை ஊன்றுவதிலிருந்து களை பிடுங்குவது வரை மகளுக்குக் கற்றுக் கொடுத்தவர் அவர்தான். அம்மா பள்ளி ஆசிரியை. தையல், சமையல், பருவத்தில் கிடைக்கிற பழங்களையும் காய்களையும் கண்ணாடிச் சீசாக்களில் பதப்படுத்தி வைப்பது, எல்லாம் அம்மாவிடமிருந்து வந்தது. அண்டை வீட்டில் பேக்கரி நடத்தி ஓய்வு பெற்ற வயதான தம்பதி இருந்தார்கள். அவர்களிடம் போய் உட்கார்ந்து கேக்கும் ரொட்டியும் செய்யப் பழகிக்கொண்டது பெண்.

சின்ன வயதிலேயே கைச்செலவுக்குக் காசு சம்பாதிக்க வழி கண்டுபிடித்துவிட்டாள். அந்த வட்டாரத்தில் குடியிருந்த பிரபல பேஸ்பால் ஆட்டக்காரர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வாள்; அவர்களுடைய பிறந்த நாள் பார்ட்டிகளையும் ஏற்பாடு செய்து கொடுப்பாள். பின்னால் வரப்போவதற்கு ஒத்திகை என்று வைத்துக்கொள்ளுங்களேன்! பிறகு மாடலிங் செய்தார். நியூயார்க்கில் பார்னார்ட் கல்லூரியில் படித்தார். படித்துக்கொண்டிருக்கும்போதே, 1961-ல், ஆண்ட்ரூ ஸ்டூவர்ட் என்ற சட்டக் கல்லூரி மாணவரோடு கல்யாணம். கல்யாண உடுப்பைக் கடையில் வாங்கவில்லை. அம்மாவும் பெண்ணுமாக உட்கார்ந்து தைத்தார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு அவர் போன இடம் சமையலறை இல்லை, ஷேர் மார்க்கெட்! 1967 முதல் ஐந்தாறு வருஷம் நியூயார்க்கில் ஷேர் புரோக்கராக வேலை பார்த்தார். அந்தத் தெருவில் பெண்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்றிருந்த காலம். வரவு, செலவு, அபாயம், லாபம் என்ற நாலையும் அங்கேதான் கற்றுக்கொண்டார். "சமையல் தெரிந்ததால் முன்னுக்கு வந்தார்" என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கென்னவோ, சமையல் தெரிந்த பெண்கள் அமெரிக்காவில் அப்போது கோடிக்கணக்கில் இருந்திருப்பார்கள் என்றுதான் தோன்றுகிறது. கணக்குத் தெரிந்ததுதான் விசேஷம்.

கனெக்டிகட் மாநிலத்தில் வெஸ்ட்போர்ட் என்ற ஊரில் 1805-ம் வருஷத்துப் பழைய பண்ணை வீடு ஒன்றைக் கணவனும் மனைவியும் வாங்கினார்கள். அதை இருவருமாகத் தங்கள் கையாலேயே செப்பனிட்டார்கள். தோட்டம் போட்டார்கள், கோழி வளர்த்தார்கள், தேனீப் பெட்டி வைத்தார்கள். ஷேர் மார்க்கெட் சரிந்து, அந்த வேலையை விட்ட பிறகு, மார்த்தாவுக்குக் கை சும்மா இருக்கவில்லை. அப்படித்தான் 1976-ல் நிலவறையில் அடுப்பு மூட்டியது.

கூட்டாளி, மாடலிங் நாட்களில் பழகிய ஒரு தோழி. கூட்டு ரொம்ப நாள் நிலைக்கவில்லை. இவரோடு ஒத்துப்போவது கஷ்டம், எனக்குத் தெரியாமல் தனியாக ஆர்டர் எடுத்துக்கொள்கிறார் என்றெல்லாம் தோழி குறைப்பட்டுக்கொண்டார். மார்த்தா அவருடைய பங்கை விலைக்கு வாங்கிக்கொண்டார். சிநேகிதம் போயிற்று. தொழிலில் இறங்கும் பெண்களிடம், "உயிர்த் தோழியாயிருந்தாலும் யாருக்கு என்ன பங்கு, யார் ஆர்டர் பிடிப்பது என்று முதல் நாளே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை. "எங்களுக்குள்ளே எதுக்கு அதெல்லாம்?" என்பார்கள். எங்களுக்குள்ளே என்பதால்தான் அவசியம்.

கேக் ஏன் சாய்வதில்லை?

அந்த ஊர்க் கல்யாணத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாம் நினைப்பதுபோல எல்லாம் ஹோட்டலில் நடப்பதில்லை. தோட்டம் உள்ள வீடுகளில் புல்தரையில் துணிப் பந்தல் போட்டு நடத்துகிற வழக்கம் உண்டு. சமையல்காரர் தம் இடத்தில் செய்ததை வண்டியில் ஏற்றி வந்து, முன்பின் பார்த்திராத ஒரு சமையலறையில் இறக்கி, சுடவேண்டியதைச் சுட வைத்து, குளிர வேண்டியதைக் குளிர வைத்துப் பரிமாற வேண்டும். இன்னொரு சங்கதி கேளுங்கள். சம்பிரதாயப்படி, கல்யாணச் செலவு அங்கேயும் பெண் வீட்டாருடையதுதான்! இப்போது பல ஜோடிகள் தாங்களே செலவைப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்றாலும், அந்தக் காலத்து மரியாதைப் புத்தகங்களில் அப்படித்தான் எழுதி வைத்திருந்தது.

விருந்தின் நடுநாயகம், அடுக்கு கேக். மூன்று தட்டு, நாலு தட்டு என்று கோபுரம் மாதிரி நிற்கும். மெத்தென்ற கேக்கின் மேல் இன்னொரு கேக்கை வைத்தால் அமுங்கிவிடாதோ என்ற சந்தேகம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. ரகசியம் உள்ளே இருக்கிறது. அடித்தட்டுக் கேக்கினுள் அதே உயரத்துக்கு நறுக்கிய குச்சிகளை நாலைந்து இடத்தில் செருகிவிடுகிறார்கள். அதன் மேல் தட்டையான அட்டை. அட்டையின் மேல் அடுத்த கேக். மேல் தட்டின் பாரம் முழுவதையும் குச்சிகள் தாங்கும். கேக் தன்னைத் தானே தாங்கிக்கொண்டால் போதும். ஒவ்வொரு தட்டையும் தனித்தனிப் பெட்டியில் கொண்டு போய், கல்யாண வீட்டில்தான் அடுக்குவார்கள். ஓடும் வண்டியில் அடுக்கு கேக்கைக் கொண்டு போகிற தைரியம் யாருக்கு? வெண்ணெய் கலந்த கிரீம் பூசியிருந்தால் வெயில் பட்டதும் இளக ஆரம்பித்துவிடும். ஆகவே எத்தனை மணிக்கு வெட்டுவார்கள், மேஜை நிழலில் இருக்கிறதா என்பதையெல்லாம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். மேல் தட்டைப் பத்திரப்படுத்தி, முதல் கல்யாண நாளன்று தம்பதி சாப்பிடுகிற பழைய வழக்கமும் உண்டு. பழங்களைச் சாராயத்தில் ஊற வைத்துச் செய்த கேக்காக இருந்ததால் ஒரு வருஷம் தாங்கிற்று. இப்போது உறைபெட்டி இருக்கிறது.

கேக்குகளில் மார்த்தாவுக்குத் தனி மோகம். பிற்காலத்தில், 2007-ல், கல்யாணக் கேக்குகளுக்கென்றே ஒரு புத்தகம் போட்டார் என்றால் பாருங்களேன்.

சரி, இதற்கு எப்படி விலை வைப்பது? நம்மில் முக்கால்வாசிப் பேர் மைதா என்ன விலை, சர்க்கரை என்ன விலை, நெய் என்ன விலை என்று கூட்டி, அதன் மேல் பத்தோ இருபதோ வைத்துச் சொல்லிவிடுவோம். முதல் நாள் கடைக்குப் போய் வந்த நேரம் கணக்கில் வராது. விடிய விடிய நின்ற கால் கணக்கில் வராது. காஸ், ஆட்டோச் சத்தம், கூட வந்த பெண்ணுக்குக் கூலி, மாதிரிக்குச் செய்து காட்டிய கால் கிலோ, உடைந்த பாத்திரம், மறுநாள் தேய்த்துக் கழுவியது, கடைசி நிமிஷத்தில் "இன்னும் இருபது பேர் வராங்க" என்று சொன்னதற்காகக் கூடுதலாகச் செய்தது... ஒன்றும் வராது. இத்தனையும் சேர்த்துப் பார்த்தால், கைக்காசைப் போட்டு ஊராருக்கு விருந்து வைத்திருப்போம்! ஷேர் மார்க்கெட்டில் பழகி வந்தவர், நேரத்துக்கும் விலை உண்டு என்பதை யாரும் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. தோட்டத்திலிருந்து பூவைப் பறித்து மேஜையில் வைப்பதுகூட அவருடைய தொழிலில் ஒரு சேவைதான். தாயார் ஆறு குழந்தைகளுக்குச் சம்பளமில்லாமல் செய்த வேலைகளை மகள் ஒவ்வொன்றாகப் பில்லில் ஏற்றினார் என்று சொல்லலாம்.

புத்தகம் வந்த கதை

கணவர் ஆண்ட்ரூ இதற்குள் நியூயார்க்கில் ஒரு பெரிய பதிப்பகத்தின் தலைவராகிவிட்டார். அவர்களுடைய புத்தக வெளியீட்டு விருந்து ஒன்றுக்குச் சாப்பாட்டுப் பொறுப்பை மனைவியின் கம்பெனிக்கே கொடுத்தார். அந்த விருந்துக்கு வந்திருந்த இன்னொரு பதிப்பகத்தின் தலைவர், மேஜைகளைப் பார்த்துவிட்டு, இதைச் செய்தது யார் என்று விசாரித்தார். அதன் பலன்தான் 1982-ல் வெளிவந்த 'என்டர்டெய்னிங்' என்ற முதல் புத்தகம். விருந்தோம்பலைப் பற்றியது. பக்கத்துக்குப் பக்கம் கலர்ப் படங்கள். சமையல் குறிப்புகளைவிட மேஜை, பூ, பாத்திரம், வெளிச்சம் எல்லாம் கண்ணைப் பறித்தன. விற்பனை பிய்த்துக்கொண்டு போயிற்று. எழுத்து வேலையில் எலிசபெத் ஹாஸ் என்ற பெண்மணி கூட இருந்து உதவினார். அவர் பெயரையும் சொல்லாவிட்டால் பாவம்.

1987-ல் 'வெட்டிங்ஸ்'. அதாவது, 'கல்யாணங்கள்'. இதிலும் ஹாஸின் எழுத்துத் துணை உண்டு. அமெரிக்காவில் கல்யாண முறைகளைப் பற்றி இதற்கு முன் புத்தகமே இல்லை என்பதில்லை. 1922-லேயே எமிலி போஸ்ட் என்ற மாது மரியாதை முறைகளைப் பற்றி எழுதிய பெரிய புத்தகம் வீட்டுக்கு வீடு இருந்தது. அழைப்பிதழில் யார் பெயர் முதலில், யார் எங்கே நிற்பது என்று சட்டம் மாதிரி எழுதியிருப்பார். மார்த்தா சட்டம் பேசவில்லை. நிஜமாகவே நடந்த கல்யாணங்களைப் படம் பிடித்து, இவர்கள் தோட்டத்தில் நடத்தினார்கள், அவர்கள் இப்படிச் சாப்பாடு போட்டார்கள் என்று காட்டினார். படித்த பெண்கள், "எங்க வீட்டிலும் இப்படி" என்று கேட்க ஆரம்பித்தார்கள். கல்யாணம் என்பது பெற்றோர் நடத்தி வைக்கும் கடமை என்ற நிலைபோய், மணப்பெண் தன் ரசனையைக் காட்டும் நாளாக மாறியதில் இந்தப் புத்தகத்துக்கும் பங்கு உண்டு. அது நல்லதா என்று கேட்டால்... பாதிதான். ரசனைக்குச் செலவு அதிகம்!

எனக்கு அந்தப் படங்களைப் பற்றி ஒரு மனத்தாங்கலும் உண்டு. ஒரு துளி கிரீம் சிந்தாத அந்த மேஜைகளின் பின்னால் எத்தனை கைகள் வேலை செய்திருக்கும்! படத்தில் அந்தக் கைகள் தெரிவதில்லை. பார்க்கிறவள், "இவள் ஒருத்தி இத்தனையும் செய்கிறாளே, எனக்குத்தான் துப்பில்லை" என்று மனம் நொந்துபோவாள். அமெரிக்காவிலேயே பல பெண்கள் இப்படி எரிச்சல்பட்டிருக்கிறார்கள். அது நியாயமான எரிச்சல்தான்.

அந்த வருஷம்

'கல்யாணங்கள்' வெளிவந்து, ஊர் ஊராகப் போய், புன்னகையோடு கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த அந்த 1987-ல்தான் கணவர் பிரிந்து போனார். இருபத்தாறு வருஷத் தாம்பத்தியம். 1990-ல் சட்டப்படி விவாகரத்து. (எமிலி போஸ்ட்டும் விவாகரத்தானவர்தான். கல்யாணச் சட்டம் எழுதியவருக்கும் சரி, கல்யாணப் படம் போட்டவருக்கும் சரி, ஒரே கதி!)

2024-ல் அவரைப் பற்றி ஓர் ஆவணப்படம் வந்தது. எண்பது வயதைத் தாண்டியவர், அதில் உட்கார்ந்து பேசுகிறார். கணவர் வேறு பெண்ணை நாடினால் உடனே விட்டு விலகுங்கள் என்று இளம் மனைவிகளுக்குச் சூடாகச் சொல்கிறார். "நீங்களும் தவறியதுண்டல்லவா?" என்று எதிரே இருப்பவர் கேட்கிறார். உண்டு என்று ஒப்புக்கொள்கிறார். ஆனால் அது சின்ன விஷயம் என்பதுபோல நழுவுகிறார். எந்த மேஜையையும் கோணலாக விடாதவர், அந்த இடத்தில் தடுமாறுகிறார். அவர்மேல் எனக்குப் பரிவு வந்தது அங்கேதான்.

தொழில் வளர்ந்ததால்தான் குடும்பம் உடைந்தது என்று சட்டென்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். நான் சொல்ல மாட்டேன். தொழிலே இல்லாமல் உடைந்த குடும்பங்கள் எத்தனை! ஆனால் வீட்டுக்குள் ஒன்றும் நடக்கவில்லை என்றும் சொல்வதற்கில்லை. ஒரே மகள் அலெக்ஸிஸ், தோழியோடு சேர்ந்து 2011-ல் வெளியிட்ட புத்தகத்தில் அம்மாவைக் கேலியும் கசப்புமாக வாரியிருக்கிறார். ஒரு காரியத்தைக் கச்சிதமாகச் செய்யாவிட்டால் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டுமாம். வீட்டில் எடுத்துச் சாப்பிடுகிற மாதிரி ஒன்றுமே இருக்காதாம்; சமைப்பதற்கான சாமான்கள்தான் இருக்குமாம். ஊருக்கெல்லாம் விருந்து வைத்த வீட்டில் பள்ளிவிட்டு வந்த குழந்தை அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு நிற்கிற காட்சி என் மனதை விட்டுப் போகவில்லை. (அந்த மகள்தான் பிற்பாடு அம்மாவின் வியாபாரத்தில் ரேடியோ, டெலிவிஷன் நிகழ்ச்சிகள் நடத்தினார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.)

அதற்குப் பிறகு நடந்தது ஊரறிந்த கதை. 1987-லேயே ஒரு பெரிய கடைத்தொடருக்கு ஆலோசகரானார். 1990-ன் கடைசியில் தம் பெயரிலேயே குடும்பப் பத்திரிகை. 1994-ல் கல்யாணங்களுக்கென்று தனிப் பத்திரிகை. கல்யாணப் பத்திரிகை என்றால் மஞ்சள் தடவிய அழைப்பிதழ் என்று நினைத்துவிடாதீர்கள். காசு கொடுத்து வாங்கிப் படிக்கிற பத்திரிகை! 1997-ல் எல்லாவற்றையும் தம் சொந்தக் கம்பெனியின் கீழ்க் கொண்டுவந்தார். 1999 அக்டோபர் 19-ம் தேதி அந்தக் கம்பெனியின் பங்குகள் நியூயார்க் ஷேர் மார்க்கெட்டில் விற்பனைக்கு வந்தன. முப்பது வருஷத்துக்கு முன் தரகராக வேலை பார்த்த அதே தெரு. அன்று காலை மார்த்தா அங்கே என்ன செய்தார் தெரியுமா? வந்தவர்களுக்கெல்லாம் ஆரஞ்சு ஜூஸும் பன் ரொட்டியும் கொடுத்து உபசரித்தார். கேட்டரிங்காரப் புத்தி போகுமா! அன்று மாலைக்குள் அவருடைய பங்குகளின் மதிப்பு 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது.

ஷேர் மார்க்கெட்டே காலையும் வாரிற்று. ஒரு மருந்துக் கம்பெனியில் வைத்திருந்த 3,928 பங்குகளை, விலை விழுவதற்கு முன்பே, 2001 டிசம்பர் 27-ல் விற்றார். மிச்சமானது சுமார் 45,000 டாலர். அவருடைய ஆஸ்திக்கு அது கொசுறு. விசாரணையில் உண்மையை மறைத்ததற்காக 2004-ல் குற்றவாளி என்று தீர்ப்பாகி, ஐந்து மாதம் சிறையில் இருந்தார். வெளியே வரும்போது அவர் போர்த்தியிருந்தது, கூடச் சிறையிலிருந்த ஒரு பெண் குரோஷா ஊசியால் பின்னிக் கொடுத்த போர்வைச் சட்டை. டெலிவிஷனில் அதைப் பார்த்தவர்கள் அந்த மாதிரி பின்னல் எங்கே கிடைக்கும் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்!

2015-ல் கம்பெனி கைமாறிற்று. பெயர் மட்டும் வியாபாரத்தில் இருக்கிறது; அவரும் டெலிவிஷனில் வந்துகொண்டுதான் இருக்கிறார். அந்தக் கல்யாணப் பத்திரிகை 2018 வரை, இருபத்து நான்கு வருஷம் அச்சில் வந்தது. அவருடைய கல்யாணம், 1961 ஜூலையிலிருந்து விவாகரத்து ஆன நாள் வரை எண்ணினால், அதைவிட ஐந்து வருஷம் கூட. மறுபடி அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை.